காற்றைக் காட்டிக்கொடுத்த பாசி



சுவரில் பாசி படர்ந்தால் அதைச் சுரண்டி எறிவதுதான் வழக்கம். வழுக்கும் படியில் அது சரிதான். ஆனால், மரத்தில் படரும் பாசி ஒரு நகரத்தையே விழிக்க வைத்த கதை உண்டு.

குளத்தில் மிதக்கும் பாசி வேறு. மரத்திலும் கல்லிலும் மெத்தைபோல் படரும் பாசி வேறு. இந்தச் சிறு செடிக்கு உண்மையான வேர் கிடையாது. தண்ணீரையும் சத்தையும் மழையிலிருந்தும் காற்றிலிருந்தும் இலை வழியாகவே உறிஞ்சிக்கொள்கிறது. அதனால் மழைநீரைப் பிடித்து வைக்கிறது, தூசியைத் தாங்குகிறது. காற்றில் வரும் உலோகங்களும் அதன் உடலில் தங்கிவிடுகின்றன. இந்தக் குணம்தான் அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் உள்ள போர்ட்லண்ட் நகருக்குக் கைகொடுத்தது.

காற்றை அளக்கும் கருவிகளுக்குச் செலவு அதிகம். ஆகவே எந்த நகரிலும் அவை சிலவே இருக்கும். 2013 டிசம்பரில் அமெரிக்க வனத்துறை ஆய்வாளர்கள் போர்ட்லண்ட் மரங்களிலிருந்து 346 பாசி மாதிரிகளைச் சேகரித்துச் சோதித்தார்கள். வண்ணக் கண்ணாடி செய்யும் இரண்டு தொழிற்சாலைகளைச் சுற்றிக் காட்மியம் என்ற உலோகம் மிகுந்திருந்தது தெரியவந்தது. இது புற்றுநோயை உண்டாக்கும், சிறுநீரகத்தையும் கெடுக்கும்.

பாசி காட்டிய இடத்தில், ஒரு தொழிற்சாலைக்கு அருகே, 2015 அக்டோபரில் மாநிலச் சுற்றுச்சூழல் துறை கருவி வைத்து அளந்தது. காட்மியம் மாநிலத்தின் பாதுகாப்பு இலக்கைப்போல் ஏறத்தாழ 49 மடங்கு இருந்தது. பக்கத்திலேயே பள்ளியும் குழந்தைகள் காப்பகமும் இருந்தன. 2016 பிப்ரவரியில் செய்தி வெளியானதும் பெற்றோர் கொதித்தெழுந்தனர். இரு தொழிற்சாலைகளும் காட்மியத்தை நிறுத்தின. தொழிற்சாலைக் காற்று நச்சுகளுக்கான புதிய விதிகளை மாநிலம் 2018இல் ஏற்றது.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒருவர் எவ்வளவு நஞ்சைச் சுவாசித்தார் என்று பாசி சொல்லாது. கருவியை எங்கே வைக்க வேண்டும் என்று மட்டுமே அது சொல்லும். பாசி வளர்த்தால் புகைபோக்கிக்கு வடிகட்டி வேண்டாம் என்றும் ஆகிவிடாது. நஞ்சு கிளம்பும் இடத்தில் அதைத் தடுப்பது மனிதர் வேலை.

ஆனால், அந்த இடம் எதுவென்று போர்ட்லண்டில் முதலில் காட்டியது மரத்துப் பாசிதான். பூங்கா மரங்களில் தெரியும் அந்தப் பச்சையை அழுக்கென்று சுரண்டாமல் விட்டுவைப்பது நகரத்துக்கு நல்லது.