எட்டு பொம்மை, இருபத்துநாலு விமானம்
(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



கம்ப்யூட்டர் மாணவர்களுக்கு உபயோகமாக ஏதாவது பேசுங்கள் என்றார் சங்கச் செயலாளர். பழைய கதைதான் சொல்லப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1987-ல் மேல்படிப்புக்கு ஜெர்மனி போயிருந்தேன். கையில் காசு இல்லை. பழைய கமடோர் 64 ஒன்று மலிவாகக் கிடைத்தது. 1982-ல் வந்த வீட்டுக் கம்ப்யூட்டர். 64 கே மெமரி, டிவியில் மாட்டிக்கொள்ளலாம். விளையாட்டு புரோகிராம் எழுதி விற்று வாடகை கட்டிவிடலாம் என்று ஒரு ஆசை.

அதில் விக்-2 என்ற படச் சிப் உண்டு. ஸ்பிரைட் என்ற எட்டு பொம்மைகளை அதுவே திரையில் காட்டும். ஒவ்வொன்றும் 24 புள்ளி அகலம், 21 புள்ளி உயரம், 63 பைட். நகர்த்துவதற்கு அழித்து வரைய வேண்டாம், இடத்தைக் குறிக்கும் எண்ணை மாற்றினால் போதும். பின்னணி கலையாது. பொம்மை நடக்கவேண்டுமா? 63 பைட்டையும் நகல் எடுக்காதீர்கள். நடையின் நாலு உருவங்களையும் முன்னாடியே மெமரியில் வைத்துவிட்டு, எந்த உருவம் என்று காட்டும் ஒரே ஒரு பைட்டை மாற்றுங்கள். (முதல் மாதம் முழுக்க நான் நகல்தான் எடுத்துக்கொண்டிருந்தேன். சொல்லித்தர ஆள் இல்லை!)

என் ஆட்டத்தில் எதிரி விமானங்கள் மட்டும் 24. எட்டு பொம்மையை வைத்து எப்படி? நம் தெருக்கூத்தில் ஒரே ஆள் உள்ளே போய் வேறு வேஷம் கட்டி வருவாரே, அதேதான். டிவியில் கோடுகள் மேலிருந்து கீழே விழுகின்றன. ஐரோப்பிய மாடலில் ஒரு பிரேமுக்கு 312 கோடு, வினாடிக்கு 50 பிரேம். ஒரு ஸ்பிரைட்டின் 21 கோடும் முடிந்தவுடன் அதற்கே புது இடம், புது உருவம், புது நிறம் கொடுத்தால், கீழே இன்னொரு விமானமாக வரும். எந்தக் கோட்டில் கூப்பிட வேண்டும் என்று சிப்பிடம் சொல்லிவைக்கலாம், கரெக்டாகக் கூப்பிடும்.

இதற்கு விமானங்களை மேலிருந்து கீழாக வரிசைப்படுத்தியாக வேண்டும். அங்கேதான் வழுக்கினேன். பிரேமுக்குப் பிரேம் 24-ஐயும் முதலிலிருந்து வரிசைப்படுத்தினேன். ஒரு கோட்டுக்குக் கிடைப்பதே 63 கிளாக் துடிப்பு. எட்டு ஸ்பிரைட்டும் நிற்கும் கோட்டில் அதிலும் சுமார் 19-ஐப் படச் சிப் பிடுங்கிக்கொள்ளும். ஆட்டம் நொண்டியது. காட்டிய கம்பெனியில் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அந்த மாத வாடகைக்கு அறைத்தோழனிடம் கடன்.

அப்புறம்தான் உறைத்தது. ஐம்பதில் ஒரு பங்கு வினாடியில் விமானம் ஒன்றிரண்டு புள்ளிதானே நகர்கிறது? போன பிரேமின் வரிசையையே வைத்துக்கொண்டு, முந்தினதை மட்டும் பக்கத்தில் இருப்பதோடு மாற்றிப்போட்டால் போதுமே! வேலை பாதிக்கும் கீழே போய்விட்டது.

ஆனால் ஒன்பது வேஷமும் ஒரே காட்சியில் நிற்கவேண்டும் என்றால் நடக்காது. ஒன்பதாவது காணாமல் போகும். மாற்றி மாற்றிக் காட்டி மினுக்கவிடலாம். பார்க்கச் சகிக்கவில்லை. என் விமானத்துக்கு ஒரு ஸ்பிரைட்டை நிரந்தரமாக ஒதுக்கி, ஒரே மட்டத்தில் ஏழு எதிரிக்கு மேல் வராதபடி பாதைகளையே மாற்றி எழுதினேன். ஏமாற்று வேலை என்றான் அறைத்தோழன். ஆடிப் பார்த்தவர்கள் யாரும் கண்டுபிடிக்கவில்லை.

அடுத்த கம்பெனி வாங்கிக்கொண்டது; கடன் அடைந்தது. அந்தக் கமடோர் இன்னும் ஓடுகிறது. மேல்மாடி லேபில் மாட்டி வைத்திருக்கிறேன், சாப்பிட்டுவிட்டு வாருங்கள்.