கூடு திரும்பும் விரால் அடிப்பான்
(பத்தாம் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



பருத்தியும் மக்காச்சோளமும் விளையும் மானாவாரி மண் குரும்பலூர். இங்கிருந்து தென்கிழக்கே, அரியலூர் மாவட்டத்தில் உள்ளது கரைவெட்டி ஏரி. மேட்டூர் நீர் புள்ளம்பாடி வாய்க்கால் வழியே வந்து நிறைக்கும் இவ்வேரி, 1999இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பெற்றது. 2024இல் ராம்சர் ஈரநிலப் பட்டியலில் இடம்பெற்றது. இமயம் கடந்து கூட்டமாக வரும் வரித்தலை வாத்தை இங்குக் காணலாம்.

தமிழக நீர்நிலைகளுக்குத் தனியே வரும் விருந்தாளி ஒன்றும் உண்டு. அதுவே விரால் அடிப்பான். பெயரே அதன் தொழிலைச் சொல்லும். காலை முன்னீட்டி நீரில் பாயும். வழுக்கும் மீனை முள் போன்ற செதில்கள் நிறைந்த உள்ளங்காலால் பற்றும். மீனின் தலை முன்னோக்க ஏந்திப் பறக்கும். பங்குனி வெயில் ஏற ஏற அது வடக்கே சென்றுவிடும். நமக்குப் பிரிவாகத் தோன்றும் அப்பருவமே அதற்கு வீடு திரும்பும் பருவம்.

பிசிராந்தையார் அன்னச்சேவலைக் கோப்பெருஞ்சோழனின் உறையூருக்குத் தூது விடுத்தார். சத்திமுற்றப் புலவரோ, குமரியாடி வடக்கே திரும்பும் நாரையையும் அதன் பெடையையும் விளித்து, தம் மனைவிக்குச் செய்தி சொல்லி அனுப்பினார். பறவை தெற்கே வந்து வடக்கே மீளும் என்பதை இருவரும் அறிந்திருந்தனர். தாம் துணையைப் பிரிந்து வாட, நாரை துணையோடு செல்வதாகப் பாடியதில்தான் சத்திமுற்றப் புலவரின் துயரம் கனக்கிறது.

விரால் அடிப்பானின் வாழ்வு இதற்கு மாறானது. ஆணும் பெண்ணும் குளிர்காலத்தை வெவ்வேறிடங்களில் தனித்தே கழிக்கின்றன. வேனிலில் தனித்தனியே திரும்பி, பழைய கூட்டில் சந்திக்கின்றன. சுள்ளி சேர்த்து அக்கூட்டையே செப்பனிடுகின்றன. குஞ்சின் கதை இன்னும் வியப்பானது. தாய் முதலில் புறப்பட்டுவிடும். குஞ்சோ வழிகாட்டுவார் இன்றித் தனியே தென்திசை வரும். அடுத்த கோடையையும் பெரும்பாலும் இங்கேயே கழித்து, முதிர்ந்தபின் பிறந்த மண்ணை நாடும்.

ஸ்காட்லாந்தில் 1916க்குப்பின் இப்பறவை கூடு கட்டுவது அற்றுப்போயிற்று என்றே கருதினர். 1954இல் ஓர் இணை கார்ட்டன் ஏரிப்பகுதிக்கு வந்து கூடமைத்தது. 1958இல் திருடர்கள் முட்டைகளைக் கவர்ந்தனர். மறு ஆண்டு அன்பர்கள் இரவும் பகலும் காவலிருந்தனர். மறைவிடத்திலிருந்து காணப் பொதுமக்களையும் அழைத்தனர். மறைத்து வைத்ததைவிடப் பலர் கண்டு நேசித்ததே அக்கூட்டுக்குப் பெருங்காவலாயிற்று.

இம்மாவட்டத்திலிருந்து சிங்கப்பூருக்கும் வளைகுடா நாடுகளுக்கும் பிழைக்கச் சென்றோர் பலர். ஈராண்டுக்கொருமுறை வாசற்படி மிதிப்போரின் இல்லங்களில், காத்திருப்பது என்னவென்று எவரும் விளக்க வேண்டியதில்லை. திரும்புவதற்குக் கூடு வேண்டும். திரும்பும்வரை உயிர்தரிக்க வேற்றூரில் நீரும் இரையும் வேண்டும். இரண்டில் ஒன்று அற்றாலும் பயணம் முறியும்.

கூட்டைக் காக்கும் பொறுப்பு வடபுலத்தாருடையது. ஏரியைக் காக்கும் பொறுப்பு நம்முடையது. வாய்க்கால் தூர்ந்து, மதகு பழுதாகி, ஏரி வறண்டால், ஏதோவொரு வடபுலத்துக் கூட்டில் ஒரு பறவை துணைக்காக வீணே காத்திருக்கும். நாரையைத் தூது விடுத்த மரபில் வந்த கவிஞர்களே, அத்தூது இறங்கி இளைப்பாற ஓர் ஏரியை விட்டுவைப்பதும் தமிழ்த்தொண்டே ஆகும்.