கன்னியா நீராடலும் நம் கவனமும்
(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



கண்டியிலிருந்து திருக்கோணேஸ்வர யாத்திரை போகும் நாம் கன்னியாவில் இறங்காமல் திரும்புவதில்லை. இராவணன் தன் தாய்க்கு ஈமக்கடன் செய்யும்பொருட்டு நிலத்தில் ஏழிடத்திற் குத்த, ஏழு வெந்நீரூற்றுகள் தோன்றின என்பது ஐதீகம். மழைநீர் பாறைப் பிளவுகளினூடே ஆழத்திற் சென்று, பூமியின் உட்சூட்டைப் பெற்று மேலெழுகிறது என்பர் நிலநூலார்.

சென்ற யாத்திரையில் மூதாட்டி ஒருவர், விரதத்தோடு, உச்சிவெயிலில் வாளி வாளியாகத் தலையில் வார்த்தபின் மயங்கி விழுந்தார். “புண்ணிய தீர்த்தம் தீங்கு செய்யுமா?” என்று அன்று பலர் கேட்டனர். அதற்கு விடை கூறவே இங்கு நிற்கிறேன்.

வெந்நீர் பட்டதும் தோலின் இரத்தக் குழாய்கள் விரிகின்றன. இரத்த அழுத்தம் தாழ்கிறது. பசியும் தாகமும் கூடினால் மயக்கம் வருவது இயல்பே. ஆகையால் வெயில் ஏறுமுன், தண்ணீர் அருந்திவிட்டு, சிறிது நேரம் மட்டும் நீராடுவோம். இருதய நோயாளரும் கர்ப்பிணிகளும் வைத்தியரைக் கேட்டே நீராட வேண்டும். நீரிழிவினாற் கால் மரத்தவருக்குச் சூடு தெரியாது. பிறர் கைவைத்துப் பார்த்தே வார்க்க வேண்டும். ஏழு கிணறுகளின் சூடும் ஒன்றல்ல. மகா ஓயா ஊற்றோ கன்னியாவிலும் மிகச் சூடானது; அங்கே எடுத்தவுடன் காலை வைக்கலாகாது.

“சூட்டிற் கிருமி செத்துவிடும்” என்பாருமுளர். அது கொதிநீருக்கே பொருந்தும். வெதுவெதுப்பான நன்னீரை விரும்பும் ஓர் அமீபா உண்டு; 46 பாகை வெப்பத்திலும் அது வளரும். அந்நீர் மூக்கினுள் ஏறினால் அமீபா மூளையைத் தாக்கும். அந்நோய் மிக அரிது. ஆனால் வந்தவர் பிழைப்பதும் அரிது. கேரளத்தில் 2024ஆம் ஆண்டில் சிறுவர் சிலர் இதனால் மாண்டனர். குடிப்பதனால் இந்நோய் வராது. மூக்கே அதன் வாசல். கன்னியாவைக் குறைகூற இதனைச் சொல்லவில்லை. எந்த வெந்நீரூற்றிலும் மூக்கைப் பொத்திக்கொள்வோம். குழந்தைகளுக்குக் கழுத்துக்குக் கீழே வார்ப்போம். நீராடிய சில நாட்களில் கடுந்தலைவலியும் காய்ச்சலும் கண்டால், உடனே ஆஸ்பத்திரிக்குச் சென்று நீராடிய செய்தியையும் சொல்வோம்.

அடுத்த யாத்திரையில் ஒவ்வொரு முதியவருக்கும் ஓர் இளைஞர் துணை நிற்கவேண்டும் என்பது என் வேண்டுகோள். அந்தியேட்டிக் கிரியைக்காகத் துக்கத்தோடும் உபவாசத்தோடும் வருவோர்க்கு அத்துணை இன்னும் அவசியம். அன்று விழுந்த மூதாட்டி நலமாயிருக்கிறார். மீண்டும் வர ஆசைப்படுகிறார். அவர் கையைப் பிடித்து அழைத்துச் செல்வது நம் கடமை.