நாடியை எண்ணுவோம்

(கனகசெட்டிக்குளத்தில் நடந்த ஆசிரியர் கூட்டத்தில் அறிவியல் ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பேச்சைத் தொடங்குமுன் உங்களுக்கு ஒரு சிறு வேலை. உள்ளங்கையை மேல்நோக்கித் திருப்புங்கள். கட்டைவிரலின் அடிப்பக்கம், மணிக்கட்டில், மறுகையின் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் மெல்ல வையுங்கள். கட்டைவிரலால் தொட வேண்டாம். அதிலும் துடிப்பு உண்டு. பிள்ளையின் நாடி என்று நினைத்து நம் நாடியையே எண்ணிவிடுவோம். ஒரு முழு நிமிடம் எண்ணிக் கையேட்டின் ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

பலருக்கு எண் கூடுதலாக வந்திருக்கும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் பேருந்தை விட்டு இறங்கி, வெயிலில் நடந்து, வாசலில் காபியும் குடித்துவிட்டு வந்தவர்கள்தானே நாம்! இது ஓய்வுநிலைத் துடிப்பு அல்ல. ஐந்து நிமிடமாவது அமைதியாக உட்கார்ந்த பிறகு எண்ணுவதுதான் கணக்கு. காலையில் கண் விழித்ததும் எண்ணினால் இன்னும் நல்லது.

வளர்ந்தவர்களுக்கு ஓய்வில் நிமிடத்துக்கு 60 முதல் 100 வரை இயல்பு. 72 என்று புத்தகத்தில் படித்துவிட்டு, 84 வந்ததும் பயப்படுகிறவர்கள் உண்டு. அது சராசரிதான், சட்டம் அல்ல. பிறந்த குழந்தைக்கு 100 முதல் 160 வரை போகும். தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்கு ஏறக்குறைய 75 முதல் 118. பதின்பருவம் முடிவதற்குள் பெரியவர்களின் அளவுக்கு வந்துவிடும். சிறு இதயம் ஒரு துடிப்பில் தள்ளும் இரத்தம் குறைவு. வளரும் உடலுக்கோ தேவை அதிகம். ஆகவே அடிக்கடி துடிக்கிறது. தொடர்ந்து ஓடியும் நீந்தியும் பழகியவரின் இதயம் ஒரே துடிப்பில் அதிகம் தள்ளும். அவருக்கு ஐம்பதுகூட இருக்கலாம், அது நோயல்ல.

இன்னொன்று. பிள்ளைகளின் நாடி மூச்சை இழுக்கும்போது சற்று வேகமாகவும், விடும்போது மெதுவாகவும் ஓடும். இது இயற்கை. முதன்முதலில் இதைப் பார்த்தபோது, ஆறாம் வகுப்புப் பையன் ஒருவனை உட்கார வைத்து நான்கு முறை எண்ணினேன். பதறியவன் நான்தான், அவன் சிரித்துக்கொண்டிருந்தான்.

இனி நான் சொல்ல வந்த விஷயம். எட்டாம் வகுப்பில் நாடி எண்ணும் செயல்பாடு. எல்லாரும் எண்ணைக் கரும்பலகையில் எழுதினார்கள். 78, 86, 82, 90. ஒரு மாணவி 116 என்று எழுதினாள். "ஓடி வந்தியாம்மா?" என்றேன். "இல்ல சார், ரொம்ப நேரமா இங்கதான் உக்காந்திருக்கேன்" என்றாள். மறுநாள் காலை வணக்கக் கூட்டத்துக்கு முன் எண்ணினேன், 112. மூன்றாம் நாளும் அப்படியே. காய்ச்சல் இல்லை, காய்ச்சல் இருந்தால் ஒரு டிகிரி செல்சியசுக்குப் பத்துத் துடிப்பு போலக் கூடும் என்பதால் அதையும் பார்த்துக்கொண்டேன். பிறகுதான் மற்றவை நினைவுக்கு வந்தன. மாடிப்படி ஏறினால் பாதியில் நிற்பாள். மதியத்துக்கு மேல் மேசையில் தலை சாய்ப்பாள். சோம்பேறி என்று நானே இருமுறை கடிந்திருக்கிறேன்.

அம்மாவை வரவழைத்தோம். மீன் கூடையோடு நேராகப் பள்ளிக்கே வந்தார். "வயசுக்கு வந்த பொண்ணு, அப்படித்தான் இருக்கும் சார்" என்றார். பரிசோதனையில் ஹீமோகுளோபின் 8.2. அந்த வயதுக்கு 12க்குக் குறைந்தாலே இரத்தச்சோகை. ஆக்சிஜனைச் சுமக்கும் ஆள் குறைந்தால், இருக்கிற ஆளே பல நடை நடக்க வேண்டும்; இதயம் அதைத்தான் செய்துகொண்டிருந்தது. மாதவிடாயில் அதிக இரத்தப்போக்கு, காலை உணவு இல்லாமை, வாரந்தோறும் தரும் இரும்புச்சத்து மாத்திரையை வாங்கி ஜன்னலுக்கு வெளியே போட்டது, எல்லாம் அப்புறம்தான் தெரிந்தது. மருத்துவர் சொன்னபடி சில மாதம் மாத்திரை சாப்பிட்டாள். ஆண்டுத் தேர்வு சமயத்தில் எண்ணியபோது 84.

இது அரிதான கதை அல்ல. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி நாட்டில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59.1 சதவீதம் பேருக்கு இரத்தச்சோகை. நம் வகுப்பில் எத்தனை பேர் என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள்.

நாம் மருத்துவர்கள் அல்ல. நாடியை வைத்து நோயின் பெயரைச் சொல்லக் கூடாது. தைராய்டு கோளாறு, இதயக் கோளாறு, வெறும் பயம் என்று வேகத்துக்குக் காரணம் பல. ஆனால் மூன்று வேறு நாட்களில் ஓய்விலும் கூடுதலாகவே இருந்தால், பள்ளிச் சிறாரைப் பரிசோதிக்க வரும் மருத்துவக் குழுவிடம் அந்தப் பெயரை எழுதிக் கொடுக்கலாம். 2013 முதல் அத்திட்டம் நடப்பில் இருக்கிறது. மயக்கம், நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், உதடு நீலம் பூத்தல் இருந்தால் குழு வரும்வரை காத்திருக்காமல் அன்றே மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். தொண்டை வலிக்குப் பின் சில வாரத்தில் மூட்டு மாறி மாறி வீங்கினால் அதையும் விடக் கூடாது. வாதக் காய்ச்சல் இதய வால்வைக் கெடுக்கும். எண்ணைக் கரும்பலகையில் எழுத வைக்காதீர்கள். நான் செய்த தவறு அது. அந்தப் பிள்ளையை வகுப்பே திரும்பிப் பார்த்தது. இப்போது அவரவர் நோட்டில்தான் எழுதுகிறார்கள்.

சரி, இவ்வளவு நேரம் உட்கார்ந்திருக்கிறீர்கள். மறுபடி ஒரு நிமிடம் எண்ணுங்கள், முதல் எண்ணோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இப்போதும் நூறுக்கு மேல் உள்ளவர்கள் கையைத் தூக்க வேண்டாம். நாளைக் காலையும் மறுநாளும் எண்ணிப் பார்த்துவிட்டு மருத்துவரிடம் போய்வாருங்கள்.