கைவிளக்கு தெரியாவிட்டால் வண்டி நிற்கும்



பி.எட். படிப்பதற்கு முன், வடசென்னையில் 3 ஆண்டுகள் பாயிண்ட்ஸ்மேனாக வேலை பார்த்தேன். கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை பக்கம் சரக்குப் பெட்டிகளைப் பிரித்து, சேர்த்து, உரிய தடத்தில் நிறுத்தும் ஷண்டிங் வேலை. கும்மிடிப்பூண்டி மின்சார ரயில்களுக்கு வழிவிட்டுக் கிடைக்கும் இடைவெளியில் அதைச் செய்வோம்.

நீளமான வண்டியின் கடைசிப் பெட்டி ஓட்டுநருக்குத் தெரியாது. பச்சைக் கொடியை மெதுவாக மேலும் கீழும் அசைத்தால் விலகிப் போவார். உடலுக்குக் குறுக்கே அசைத்தால் எங்களை நோக்கி வருவார். இரவில் கைவிளக்கு. சைகை காட்டுபவர் கண்ணில் படாவிட்டால் உடனே நிறுத்த வேண்டும். ஊகித்து நகர்த்தக் கூடாது. பெட்டிகளுக்கு நடுவே இணைப்பு மாட்டுகிற ஆள் நிற்கலாம்.

ஒரு மழை இரவில் வளைவில் விளக்கு மறைந்ததால் ஓட்டுநர் நான்கு முறை நிறுத்தினார். தாமதமாகிறது என்று ஒருவர் முணுமுணுத்தார். "தாமதத்துக்குக் காரணம் எழுதிக் கொடுத்துடலாம் தம்பி, ஆள் போயிட்டா என்னத்த எழுதுறது?" என்றார் ஓட்டுநர்.

வகுப்பில் "புரிஞ்சுதா?" என்று கேட்டால், "புரிஞ்சுது சார்" என்று கூட்டாகக் குரல் வரும். அது ஊகம், சைகை அல்ல. அதனால் வகுத்தல் நடத்தும்போது ஒரு கணக்கு கொடுத்து, கடைசி வரிசையிலிருந்து நோட்டு பார்க்கிறேன். இந்த ஆண்டு ஆறாம் வகுப்பில் ஐந்து பேருக்குக் கடன் வாங்கிக் கழித்தலே வரவில்லை. வகுத்தலை நிறுத்தி, இரண்டு நாள் கழித்தல் நடத்தினேன். பாடம் பின்தங்கியது, ஐவரும் கூட வந்தார்கள்.

நாளை நீங்களும் கடைசி வரிசையிலிருந்து நோட்டு பார்த்துப் பாருங்கள்.