கடல் தாண்டி வந்த பாட்டு



தூத்துக்குடிப் பக்கத்துப் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். அந்தக் காலத்தில் ரேடியோவைத் திருப்பினால் கொழும்பு கணீரென்று கேட்கும் என்பார்கள். 1950-களில் நம் வானொலி சினிமாப் பாட்டைக் குறைத்திருந்த நேரம் அது. இலங்கை வானொலியோ பாட்டை அள்ளி அள்ளிக் கொடுத்தது. மயில்வாகனன், பிற்பாடு கே.எஸ்.ராஜா, அப்துல் ஹமீது என்று ஒவ்வொரு அறிவிப்பாளர் குரலும் இங்கே வீட்டு மனிதர் குரலாகிவிட்டது.

பாட்டு மட்டுமா காரணம்? இல்லை. நடுவில் இருந்த கடலும் ஒரு காரணம்!

மத்திய அலையில் வரும் ஒலிபரப்பு பகலில் தரையை ஒட்டியே போகும். காய்ந்த தரை அதன் பலத்தை உறிஞ்சிவிடும். உப்புத் தண்ணீர் அப்படிச் செய்யாது. கடற்கரையில் நடந்து பாருங்கள். காய்ந்த மணலில் கால் புதையும், சீக்கிரம் களைத்துப் போவோம். அலை நனைத்த மணலில் வெகுதூரம் நடக்கலாம். வானொலி அலையும் அப்படித்தான். தரையில் களைக்கும், கடல்மேல் வெகுதூரம் போகும்.

அதனால், நிலையம் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பது மட்டும் கணக்கல்ல. நடுவில் இருப்பது தரையா, கடலா? அதுவும் கணக்கு. பண்பலைக்கு இது பொருந்தாது. அதற்கு உயரமான கோபுரம்தான் முக்கியம்.

இந்தக் கடல்வழி ஒருவழிப் பாதையும் அல்ல. பிற்பாடு அகில இந்திய வானொலி, 200 கிலோவாட் மத்திய அலை ஒலிபரப்பியைத் தூத்துக்குடியிலேயே நிறுவியது. இங்கிருந்து போன தமிழ் நிகழ்ச்சிகளை இலங்கையில் கேட்டார்கள்.