பட்டறையும் பாடசாலையும்
(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்திய உரை)



கவியரங்கமும் நூல் ஆய்வும் நிறைந்த இவ்விழாவில், வயது வந்தோர் கல்வி, தொழிற்கூடப் பயிற்சி ஆகியவற்றின் போக்குகளையும் அணுகுமுறைகளையும் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்திருக்கிறார்கள். இலக்கிய வட்டத்துக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று சிலர் எண்ணக்கூடும். நானும் ஒரு காலத்தில் அவ்வாறே எண்ணியிருந்தேன். தொடர்பு உண்டு என்பதை எனக்கு உணர்த்தியது ஓர் அறிவிப்புப் பலகை. அதைப் பற்றிப் பின்னர்ச் சொல்கிறேன். அதில் என் குற்றம் ஒன்று இருக்கிறது. ஆகவே சொல்லாமல் விட முடியாது.

முதலில் நாம் வாழும் இடத்தைச் சற்று எண்ணிப் பார்ப்போம். 1931-இல் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மின்சார இரயில் வந்தது. 1937-இல் சென்னைக் கிறித்தவக் கல்லூரி இங்கே குடிபெயர்ந்தது. பல்லாவரத்தை ஒட்டிய நாகல்கேணியில் தோல் பதனிடும் தொழில் வளர்ந்தது. தோல் தொழிற்சாலையின் பெயராலேயே குரோம்பேட்டை என ஓர் ஊர் உண்டாயிற்று. 1984-இல் சானடோரியம் பகுதியில் ஏற்றுமதி மண்டலம் தொடங்கியது. அதை நாம் ‘மெப்ஸ்’ என்கிறோம். கல்லூரிக்குச் செல்வோரும் தொழிற்கூடத்துக்குச் செல்வோரும் ஒரே இரயிலில் வந்து ஒரே படிக்கட்டில் இறங்குகிறார்கள். முன்னவர் கற்கச் செல்கிறார், பின்னவர் உழைக்கச் செல்கிறார் என்று பிரித்துப் பேசுவது நம் வழக்கம். அந்தப் பிரிவினை சரிதானா என்பதே என் முதற் கேள்வி.

வள்ளுவர் இதில் நமக்கு முன்னோடி. கல்வி என்னும் அதிகாரத்தை நாற்பதாவதாக வைத்தார். அடுத்துக் கல்லாமையை வைத்தார். அதற்கு அடுத்ததாக அறிவுடைமையை வைக்கவில்லை. இடையே கேள்வி என்னும் அதிகாரத்தை வைத்தார். எழுத்தறியாதவனுக்கும் செவி உண்டு, செவிவழி அறிவுக்குச் செல்லும் பாதையும் உண்டு என்பதை அந்த வைப்புமுறையே காட்டுவதாக நான் கொள்கிறேன். நம் மொழியில் ‘பட்டறிவு’ என்றொரு சொல்லும் இருக்கிறது. வயது வந்தோர் கல்வி என்பது வெற்றுப் பலகையில் எழுதுவதன்று. பட்டறிவு ஏற்கெனவே எழுதி வைத்த பலகையில் இடம் கேட்டு எழுதுவது.

இனி இத்துறையின் போக்குகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

1965 செப்டம்பர் 8-ஆம் நாள் தெஹ்ரானில் உலகக் கல்வி அமைச்சர்களின் மாநாடு கூடியது. அந்நாளே இன்று உலக எழுத்தறிவு நாளாகக் கொண்டாடப்படுகிறது. எழுத்தறிவைத் தொழிலோடு இணைக்க வேண்டும், உழவனுக்கு உழவு வழியாகவும் தொழிலாளிக்குத் தொழில் வழியாகவும் எழுத்தைக் கற்பிக்க வேண்டும் என்னும் கொள்கை அங்கே வலுப்பெற்றது. அக்காலத்தில் யுனெஸ்கோவின் துணைத் தலைமை இயக்குநராக இருந்தவர் மால்கம் ஆதிசேசையா. வேலூரில் பிறந்த தமிழர். 1940 முதல் 1946 வரை நம் தாம்பரத்துக் கல்லூரியில் பொருளாதாரம் கற்பித்த பேராசிரியர். 1963 முதல் 1970 வரை அப்பெரும் பதவியை வகித்துத் தாயகம் திரும்பியவர், 1971-இல் அடையாறில் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தைத் தோற்றுவித்தார். அவர் மறைவுக்குப் பின் 1998-இல் யுனெஸ்கோ அவர் பெயரில் எழுத்தறிவுப் பரிசு ஒன்றை ஏற்படுத்தியது. நம் ஊரில் வகுப்பெடுத்த ஒருவர் உலகின் எழுத்தறிவு இயக்கத்தில் அமர்ந்த இடத்தை நம் இளைஞர்கள் அறிந்துகொள்ள வேண்டும்.

ஆனால் ஒன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அக்கொள்கையைப் பதினொரு நாடுகளில் சோதித்துப் பார்த்தார்கள். 1976-இல் வெளிவந்த மதிப்பீடு, தொழிலாளியை உற்பத்திக் கருவியாக மட்டும் கண்ட இடங்களில் கல்வி வேரூன்றவில்லை என்ற பாடத்தைத் தந்தது. இயந்திரத்தை இயக்கத் தேவையான சொற்களை மட்டும் கொடுத்தால் மனிதன் அவற்றோடு நிறைவடைவதில்லை. அவனுக்குத் தன் கடனைப் படிக்க வேண்டும், மகளின் மடலைப் படிக்க வேண்டும், தன் உரிமையையும் படிக்க வேண்டும்.

இதே காலத்தில் பிரேசில் நாட்டில் பவுலோ பிரெய்ரே வேறொரு வழியைக் கண்டார். 1963-இல் அங்கிகோஸ் என்னும் சிற்றூரில் ஏறத்தாழ 300 உழைப்பாளிகளுக்கு நாற்பது மணி நேர வகுப்புகளில் எழுத்தறிவு ஊட்ட முயன்றது அவருடைய குழு. கற்பவரின் வாழ்விலிருந்தே சொற்களைத் திரட்டி, அச்சொற்களைப் பற்றி முதலில் உரையாடி, பின்னரே எழுத்தாகப் பிரிப்பது அவர் முறை. அம்முறையில் புகழ்பெற்ற சொற்களுள் ஒன்று ‘செங்கல்’. செங்கல்லைச் சுமப்பவன் அச்சொல்லை எழுதும்போது, யாருடைய வீட்டுக்குச் சுமக்கிறோம் என்றும் கேட்பான் அல்லவா? அடுத்த ஆண்டு இராணுவம் ஆட்சியைப் பிடித்தபோது பிரெய்ரே சிறைப்பட்டதும் நாடு கடந்ததும் வியப்பன்று.

நம் நாட்டில் 1978 அக்டோபர் 2-இல் தேசிய வயது வந்தோர் கல்வித் திட்டம் தொடங்கியது. பதினைந்து முதல் முப்பத்தைந்து வயது வரையுள்ள பத்துக் கோடிப் பேரை எட்டுவது நோக்கம். 1988-இல் தேசிய எழுத்தறிவு இயக்கம் அதைத் தொடர்ந்தது. தமிழகத்தில் அது அறிவொளி இயக்கம் என மக்கள் பெயர் பெற்றது. பாடல், வீதி நாடகம், கதை எனக் கலைகள் எல்லாம் அதில் கைகோத்தன. புதுக்கோட்டைப் பெண்கள் எழுத்தோடு சைக்கிள் ஓட்டவும் கற்ற செய்தி உலகெங்கும் பேசப்பட்டது. அங்கே பாட நூலில் ‘பட்டா’ என்னும் சொல் முன்வரிசையில் நின்றது. நிலமற்றவர் நெஞ்சில் நெடுங்காலமாக இருந்த சொல் அது. ஆகவே கை தானாக எழுதியது. அறிவொளியில் பணியாற்றிய எழுத்தாளர் ச. தமிழ்ச்செல்வன் அந்த அனுபவங்களை ‘இருளும் ஒளியும்’ என்னும் நூலாகவே தந்திருக்கிறார். எழுத்தாளனுக்கு இத்துறையில் இடமுண்டு என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி 1991-இல் தமிழகத்தில் எழுத்தறிந்தோர் நூற்றுக்கு 62.66, 2011-இல் 80.09. பெண்களை மட்டும் எண்ணினால் 2011-இல் 73.44. 2022-இல் தொடங்கிய புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம் எஞ்சியோரை நோக்கியது.

தொழிற்கூடப் பயிற்சிக்கும் தனி வரலாறு உண்டு. 1958-இல் அமைந்த மத்திய தொழிலாளர் கல்வி வாரியம், தொழிலாளருள் சிலரையே ஆசிரியராகப் பயிற்றி, அவர்கள் வழியாகச் சக தொழிலாளர்க்குக் கற்பிக்கும் முறையைக் கையாண்டது. 1961-இல் தொழிற்பழகுநர் சட்டம் வந்தது. ஆனால் நம் புறநகரின் பெரும் பயிற்சிக்கூடம் எந்தச் சட்டத்திலும் எழுதப்படாதது. சித்தாளாக வந்தவர் ரசமட்டத்தையும் தூக்குக்குண்டையும் பார்த்துப் பார்த்துக் கொத்தனாராவது அந்தக் கூடத்தில்தான். அங்கே சான்றிதழ் இல்லை. தவறினால் திட்டு உண்டு.

வேலை தெரிந்தவர் எல்லாரும் கற்பிக்க வல்லவர் ஆகார் என்பதை விமானப் படையினர் நன்கு உணர்ந்திருக்கிறார்கள். விமானம் ஓட்டத் தெரிந்தவர்க்கு ஓட்டக் கற்பிப்பது எப்படி என்று கற்பிக்கும் பள்ளி 1954-இல் நம் தாம்பரத்துக்கு வந்தது. நம் தொழிற்கூடங்களிலோ, நேற்று வரை நல்ல ஃபிட்டராக இருந்தவரை இன்று காலை பயிற்சியாளர் என்கிறார்கள். அவருக்கு யாரும் எதுவும் கற்பிப்பதில்லை.

அன்பர்களே, இப்போது அந்தப் பலகைக்கு வருகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன், பல்லாவரத்துக்கு மேற்கே ஒரு சிறு தொழிற்கூடத்தை நடத்திய நண்பர், பவர் பிரஸ் இயந்திரத்தின் அருகே மாட்ட ஓர் எச்சரிக்கை வாசகம் கேட்டார். கவிதை எழுதுபவன் என்பதால் என்னிடம் கேட்டார். நானும் பெருமிதத்தோடு எழுதிக் கொடுத்தேன். பலகையில் அது இரண்டு வரிகளாக அமைந்தது:

மின்னிணைப்பைத் துண்டிக்காது
பராமரிப்புப் பணி மேற்கொள்ளல் ஆகாது.

ஓசை நயம் இருந்தது. ‘துண்டிக்காது’, ‘ஆகாது’ என்ற இயைபை நானே இரண்டு முறை சொல்லி மகிழ்ந்தேன்.

அங்கே ஐம்பதை நெருங்கிய ஓர் அம்மையார் வேலை பார்த்தார். மாலை வகுப்பொன்றில் இரண்டாண்டுகளுக்கு முன்தான் எழுத்துக் கற்றவர். அப்பலகையை எழுத்துக் கூட்டிப் படித்திருக்கிறார். ஒரு நாள் பிசிறை அகற்றும்போது இயந்திரத்தை நிறுத்தவில்லை. இரண்டு விரல் நுனிகள் நசுங்கின. நான் மருத்துவமனைக்குச் சென்று பார்த்தபோது, என்னை நோகாமல், விளக்கம் சொல்பவரைப் போலச் சொன்னார்: “மேல் வரி கரண்டை நிறுத்தாதேன்னுதானே சார் சொல்லுது? கீழ் வரி எனக்குப் புரியல. எழுதி வெச்சவங்க தெரியாமலா எழுதுவாங்கன்னு விட்டுட்டேன்.”

அவர் எழுத்தை நம்பினார். எழுதக் கற்ற புதிதில் எல்லாரும் எழுத்தை நம்புவார்கள். அந்த நம்பிக்கையின் மேல் நான் என் ஓசை நயத்தை ஏற்றி வைத்தேன். ‘நிறுத்தாமல்’ என்னும் பொருளில் நான் எழுதிய சொல், ‘நிறுத்தாதே’ என அவர் காதில் விழுந்தது. இலக்கணப்படி நான் சரி. விரல்படி நான் தவறு.

அவர் குணமாகி வந்தபின், பலகையை மாற்றி எழுத நண்பரும் நானும் அவரையே கேட்டோம். அவர் சொன்னதை அப்படியே எழுதினோம்: “முதலில் சுவிட்சை அணை. சக்கரம் நின்றதா பார். பிறகு கை வை.” இடையில் உள்ள வாக்கியத்தைக் கவனியுங்கள். மின்சாரத்தை நிறுத்திய பின்னும் பவர் பிரஸ்ஸின் கனமான சக்கரம் சற்று நேரம் சுழன்றுகொண்டே இருக்கும். அது எனக்குத் தெரியாது. என் வாசகத்தைச் சரியாகப் புரிந்துகொண்ட ஒருவரும் அந்தச் சக்கரத்தில் அடிபட்டிருக்கக்கூடும். மொழியைத் திருத்தப் போன எனக்கு அவர் தொழிலையே கற்பித்தார்.

இத்துறையின் அணுகுமுறைகள் அனைத்தையும் இந்த ஒரு நிகழ்ச்சியில் நான் கண்டேன். எந்தத் திட்டமும் கற்பவரின் சொல்லில் தொடங்கினால் உயிர் பெறுகிறது. கற்பிப்பவரின் சொல்லில் தொடங்கினால் பலகையாக நிற்கிறது. பிரெய்ரே செங்கல்லில் கண்டதும் அறிவொளி பட்டாவில் கண்டதும் அந்த அம்மையார் சக்கரத்தில் காட்டியதும் ஒன்றே.

ஆகவே பதினோராம் ஆண்டில் அடியெடுத்து வைக்கும் நம் வட்டத்தின் முன் மூன்று பணிகளை வைக்க விழைகிறேன்.

முதலாவது, நம் புறநகர்ப் பட்டறைகளிலும் கட்டட வேலைகளிலும் வழங்கும் சொற்களை உழைப்பவர் வாய்வழி கேட்டுத் தொகுப்போம். மூலைமட்டம், மட்டப்பலகை போன்ற சொற்கள் கவிஞனுக்கும் செல்வமே.

இரண்டாவது, அறிவிப்பும் பயிற்சிக் குறிப்பும் எழுதித் தர யார் கேட்டாலும் எழுதுவோம். ஆனால் அதைப் படிக்க வேண்டியவர் ஒருவர் உரக்கப் படித்து, புரிந்ததைத் தம் சொல்லில் திருப்பிச் சொன்ன பிறகே கொடுப்போம்.

மூன்றாவது பணியே கடினமானது. இன்று நம் ஊர்களில் கட்டடம் எழுப்புவோரிலும் உணவகத்தில் பரிமாறுவோரிலும் ஒடிசா, பீகார், அசாம் மாநிலங்களிலிருந்து வந்தோர் பலர். நம் எச்சரிக்கைப் பலகையின் முன் அவர்களும் எழுத்தறியாதவரே. யாதும் ஊர் என்று மேடைதோறும் முழங்கும் நாம், பக்கத்துச் சாரத்தில் நிற்பவனுக்குத் தமிழில் பத்துச் சொல் கற்பித்திருக்கிறோமா? மாதம் ஒரு ஞாயிறு மாலை, நம் கூட்டம் கூடும் இதே கூடத்தில், அவர்களுக்கென ஒரு வகுப்பு நடத்தலாம். முதற் பாடத்தின் முதற் சொல்லை நாம் தேர்ந்தெடுக்க வேண்டாம், அவர்களே கேட்கட்டும்.

என் பெயர் இல்லாமல் நான் எழுதிய மிகச் சிறந்த மூன்று வாக்கியங்கள் அப்பலகையில்தான் இருக்கின்றன. அவற்றை நான் எழுதவில்லை என்பதே அவற்றின் சிறப்பு.